கைப்பேசி அழைப்பை வீட்டுத் தொலைபேசியில் பேசலாம்: புளூடூத் இணைப்புப் பெட்டி ஒரு விளக்கம்



புக்கிட் மெர்தாஜாமில் குன்றின் அடிவாரத்தை ஒட்டிய தாமான்களில் குடியிருப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். கைப்பேசி மணி அடிக்கிறது. எடுத்தவர் "ஹலோ, ஹலோ, கேக்குதா?" என்று சொல்லிக்கொண்டே கூடத்திலிருந்து வாசலுக்கு ஓடுகிறார். கேட் பக்கம் போய் நின்றால்தான் குரல் தெளிவாகக் கேட்கிறது. வீட்டுக்குள்ளேயோ, முக்காலியின் மேல் வீட்டுத் தொலைபேசி தூசு படிந்து சும்மா இருக்கிறது. கம்பி இணைப்பை நிறுத்தி ஒரு வருடம் ஆகியிருக்கும். பெரிய பொத்தான், நல்ல மணிச்சத்தம், காதுக்கு வாகான ரிசீவர் எல்லாம் இருந்தும் அதற்கு வேலை இல்லை.

என் அம்மாவும் இதைத்தான் கேட்டார். "எனக்கு இந்தக் கண்ணாடி போன் வேணாம்பா. தொட்டா ஒண்ணு, தொடாட்டி ஒண்ணு ஆகுது. அந்தப் பழைய போன்லயே பேச முடியாதா?"

முடியும். கைப்பேசியையும் வீட்டுத் தொலைபேசியையும் இணைக்க ஒரு சிறு பெட்டி இருக்கிறது. எக்ஸ்லிங்க் என்ற பெயரில் தனிப்பெட்டியாக விற்கிறார்கள். பானசோனிக் நிறுவனம் தன் கம்பியில்லா வீட்டுத் தொலைபேசிகள் சிலவற்றில் 'லிங்க் டு செல்' என்ற பெயரில் இந்த வசதியை உள்ளேயே வைத்துத் தருகிறது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். அது எப்படி வேலை செய்கிறது, எப்படிப் பொருத்துவது, எங்கே நம்மைக் கைவிடும் என்ற மூன்றையும் இந்தக் கட்டுரையில் பார்ப்போம். மூன்றாவதை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போய்விடாதீர்கள். அதை நான் அனுபவத்தில் கற்றுக்கொண்டேன்.

1. பெட்டியின் வேலை என்ன?

பலர் நினைப்பது இது: "இந்தப் பெட்டி கைப்பேசியை டெலிகோம் லைனோடு சேர்த்துவிடும்." இது தவறு. பெட்டிக்கும் தெருக்கம்பத்திலிருந்து வரும் கம்பிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இருக்கவும் கூடாது.

பெட்டிக்கு இரண்டு முகங்கள். கைப்பேசியைப் பார்க்கும் முகத்தில் அது காரில் இருக்கும் 'ஹேண்ட்ஸ் ஃப்ரீ' கருவி போல நடிக்கிறது. வீட்டுத் தொலைபேசியைப் பார்க்கும் முகத்தில் தொலைபேசி இணைப்பகம், அதாவது எக்ஸ்சேஞ்ச் போல நடிக்கிறது. கைப்பேசி, 'நான் ஒரு காரோடு பேசுகிறேன்' என்று நினைத்துக்கொள்கிறது. வீட்டுத் தொலைபேசி, 'நான் எக்ஸ்சேஞ்சோடு பேசுகிறேன்' என்று நினைத்துக்கொள்கிறது. நடுவில் இருந்து இரண்டு பேருக்கும் மொழிபெயர்ப்பது பெட்டி.

சுருக்கமாகச் சொன்னால், இது வீட்டுக்குள் வைத்த குட்டி எக்ஸ்சேஞ்ச். இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் எல்லா நன்மையும் எல்லாச் சிக்கலும் தானாகவே புரிந்துவிடும்.

2. எக்ஸ்சேஞ்ச் செய்யும் நான்கு வேலைகள்

பழைய கம்பித் தொலைபேசிக்கு நாம் தனியாக மின்சாரம் கொடுத்ததே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? வீட்டில் கரண்ட் போனாலும் போன் வேலை செய்யும். காரணம், மின்சாரம் அதே இரண்டு செம்புக்கம்பிகள் வழியாக எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்துகொண்டிருந்தது.

முதல் வேலை, மின்னழுத்தம் தருவது. ரிசீவர் கீழே இருக்கும்போது கம்பியில் சுமார் 48 வோல்ட் நேர்மின்னோட்ட அழுத்தம் இருக்கும். எக்ஸ்சேஞ்சில் உள்ள பெரிய மின்கலங்கள் இதைத் தருகின்றன. இன்னொரு செய்தி: இந்த 48 வோல்ட்டில் நேர்முனையைத்தான் நிலத்தோடு இணைப்பார்கள். அதனால் கம்பி எதிர்முனையாக இருக்கும். ஈர மண்ணில் புதைந்த செம்புக்கம்பி நேர்முனையாக இருந்தால் மின்பகுப்பால் மெல்ல மெல்லக் கரைந்துபோகும். எதிர்முனையாக இருந்தால் அப்படிக் கரையாது. வேதியியல் பாடத்தில் மின்பகுப்பு படிக்கும் மாணவர்கள் இதை ஓர் எடுத்துக்காட்டாக எழுதலாம்.

இரண்டாவது வேலை, ரிசீவர் எடுக்கப்பட்டதைக் கண்டுபிடிப்பது. ரிசீவரைத் தூக்கியதும் உள்ளே ஒரு சுவிட்ச் மூடிக்கொள்கிறது. சுற்று முழுமையாகி, சுமார் 20 முதல் 40 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது. கம்பியின் அழுத்தம் பத்து வோல்ட் அளவுக்கோ அதற்கும் கீழோ இறங்குகிறது. 'யாரோ எடுத்துவிட்டார்கள்' என்று எக்ஸ்சேஞ்சுக்குத் தெரிந்து, 'டயல் டோன்' என்ற தொடர்ஒலியை அனுப்புகிறது.

மூன்றாவது வேலை, மணி அடிப்பது. இதற்கு நேர்மின்னோட்டம் போதாது. 70 முதல் 90 வோல்ட் அளவுள்ள மாறுமின்னோட்டத்தை, வினாடிக்கு 20 அல்லது 25 அதிர்வு என்ற கணக்கில் எக்ஸ்சேஞ்ச் அனுப்பும். பழைய தொலைபேசிகளில் மின்காந்தம் இந்த அதிர்வுக்கு ஏற்ப அங்கும் இங்கும் ஆடி, நிஜமான மணியைத் தட்டியது. மணி அடிக்கும் நேரத்தில் திறந்த கம்பியைத் தொட்டவர்களுக்கு 'சுரீர்' என்று ஏன் பட்டது என்பது இப்போது புரிந்திருக்கும்.

நான்காவது வேலை, எண்ணைப் புரிந்துகொள்வது. பொத்தானை அழுத்தும்போது கேட்கும் 'டிக், டூ' ஓசை வெறும் அலங்காரம் இல்லை. ஒவ்வொரு பொத்தானும் ஒரே நேரத்தில் இரண்டு அதிர்வெண்களை ஒலிக்கிறது. கிடை வரிசைக்கு ஒன்று, செங்குத்து வரிசைக்கு ஒன்று. கிடை வரிசைகளுக்கு 697, 770, 852, 941 ஹெர்ட்ஸ். செங்குத்து வரிசைகளுக்கு 1209, 1336, 1477 ஹெர்ட்ஸ். 5ஐ அழுத்தினால் 770, 1336 இரண்டும் சேர்ந்து ஒலிக்கும். மனிதக் குரலோ சீட்டியோ தற்செயலாக இப்படி ஒரு குறிப்பிட்ட ஜோடியை எழுப்புவது அரிது. அதனால்தான் இரண்டு. அமெரிக்காவில் 1963இல் பொதுமக்களுக்கு வந்த முறை இது. இன்றைக்கும் மாறவில்லை.

சுழற்றும் வட்டு உள்ள மிகப் பழைய தொலைபேசி வேறு வகை. அது ஒலி அனுப்பாது. மின்னோட்டத்தை அறுத்து அறுத்து எண்ணிக் காட்டும். 5க்கு ஐந்து முறை, 0க்குப் பத்து முறை. எல்லாப் பெட்டிகளுக்கும் இந்தப் பழைய மொழி தெரியாது. தாத்தா காலத்துக் கறுப்புத் தொலைபேசியை உயிர்ப்பிக்க நினைப்பவர்கள் இதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நம் குட்டிப் பெட்டி இந்த நான்கு வேலைகளையும் ஒரு தீப்பெட்டிக் கட்டு அளவுக்குள் செய்கிறது.

3. புளூடூத் பக்கம்

புளூடூத் என்றால் 'நீலப்பல்' என்று பொருள். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு மன்னரின் பட்டப்பெயர் அது. பிரிந்து கிடந்த கூட்டங்களை அவர் ஒன்றாக்கினார். வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளை ஒன்றாகப் பேசவைக்கும் தொழில்நுட்பத்துக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள். சுவீடனின் லுண்ட் நகரில் எரிக்சன் நிறுவனத்தில் 1994இல் தொடங்கிய வேலை இது. 1998இல் எரிக்சன், இன்டெல், ஐ.பி.எம்., நோக்கியா, தோஷிபா ஆகிய ஐந்தும் சேர்ந்து இதற்கென ஒரு கூட்டமைப்பை உருவாக்கின.

புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் வேலை செய்யும் வானொலி அலை. வீட்டு வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் இருக்கின்றன. அப்படியானால் குரல் ஏன் குழம்பிப்போகவில்லை? ஹேண்ட்ஸ் ஃப்ரீ போன்ற கருவிகளில் பயன்படும் புளூடூத், ஓர் இடத்தில் நிற்காமல் தாவிக்கொண்டே இருக்கிறது. தனக்குரிய 79 தடங்களில் வினாடிக்கு 1600 முறை இடம் மாறுகிறது. ஒரு தடத்தில் இரைச்சல் இருந்தால், அடுத்த கணமே வேறு தடத்துக்குப் போய்விடும். எந்த வரிசையில் தாவுவது என்பது கைப்பேசிக்கும் பெட்டிக்கும் தெரியும். முதல் முறை இணைக்கும்போது இரண்டு கருவிகளும் இரகசியச் சாவி ஒன்றையும் பகிர்ந்துகொள்கின்றன. அதற்குப் பெயர்தான் 'இணை சேர்த்தல்'.

தூரம் எவ்வளவு? கைப்பேசிகளில் உள்ள சாதாரண வகைக்குச் சுமார் 10 மீட்டர் என்பது கணக்கு. ஆனால் நம் தாமான் வீடுகளின் செங்கல் சுவரும் கம்பி போட்ட காங்கிரீட்டும் அதைக் குறைத்துவிடும். கைப்பேசி மாடியில், பெட்டி கீழே என்றால் குரல் அறுந்து அறுந்துதான் வரும். ஆகவே இரண்டையும் ஒரே அறையில் வையுங்கள்.

இதில்தான் நம் ஊருக்கு ஒரு பெரிய நன்மை இருக்கிறது. குன்று மறைக்கும் வீடுகளில் கைப்பேசி அலை எல்லா மூலையிலும் சமமாக இருக்காது. வீட்டில் எந்த ஜன்னலோரம் அலை நன்றாக இருக்கிறதோ அங்கே கைப்பேசியையும் பெட்டியையும் வைத்துவிடலாம். அங்கிருந்து தொலைபேசிக் கம்பியை நீட்டி, நமக்கு வசதியான இடத்தில் உட்கார்ந்து பேசலாம். வாசலுக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை மறந்துவிடாதீர்கள்: பெட்டி அலையைப் பெருக்குவதில்லை. கைப்பேசி இருக்கும் இடத்தில் அலையே இல்லை என்றால் பெட்டியால் ஒன்றும் செய்ய முடியாது.

4. ஓர் அழைப்பின் பயணம்

வெளியிலிருந்து அழைப்பு வரும்போது:

முதலில் கைப்பேசி புளூடூத் வழியாக 'மணி' என்ற செய்தியைப் பெட்டிக்கு அனுப்புகிறது. பெட்டி உடனே மணி அடிக்கும் மாறுமின்னோட்டத்தை உண்டாக்கிக் கம்பியில் விடுகிறது. வீட்டுத் தொலைபேசி மணி அடிக்கிறது. நாம் ரிசீவரை எடுக்கிறோம், மின்னோட்டம் பாய்கிறது. 'எடுத்துவிட்டார்கள், இணைப்பைக் கொடு' என்று பெட்டி கைப்பேசிக்குச் சொல்கிறது. பேசத் தொடங்குகிறோம். ரிசீவரை வைத்ததும் மின்னோட்டம் நிற்கிறது. 'முடித்துவிடு' என்ற கட்டளை போகிறது.

நாம் வெளியே அழைக்கும்போது:

ரிசீவரை எடுத்ததும் பெட்டி டயல் டோன் கொடுக்கிறது. நாம் எண்களை அழுத்த அழுத்த, இரட்டை ஒலிகளைக் கேட்டுப் பெட்டி எண்களாகச் சேர்த்துவைக்கிறது. எண் முடிந்ததா இல்லையா என்று அதற்குத் தெரியாது. அதனால் சில வினாடி காத்திருக்கும். அல்லது கடைசியில் # பொத்தானை அழுத்தினால் உடனே புரிந்துகொள்ளும். பிறகு முழு எண்ணையும் கைப்பேசிக்கு ஒரே கட்டளையாக அனுப்பும். கைப்பேசி அழைக்கிறது.

இந்த உரையாடலில் பெட்டி பயன்படுத்தும் கட்டளைகள் 'ஏ.டி.' என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும். 'அட்டென்ஷன்', அதாவது 'கவனி' என்பதன் சுருக்கம். 1981இல் ஹேய்ஸ் நிறுவனத்தின் மோடத்தோடு வந்த மொழி இது. நாற்பது ஆண்டுக்கு மேலாகியும் உங்கள் கைப்பேசி காரோடு பேசும்போது இன்னும் அதே மொழிதான்.

குரலின் தரம் பற்றியும் ஒரு வார்த்தை. தொலைபேசிக் கம்பி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளைக் கடத்தும்படி அமைந்தது. பேச்சுக்கு இது போதும். ஆனால் ஸ, ஷ, ஃப போன்ற ஓசைகளின் கூர்மை இதற்கு மேலேதான் இருக்கிறது. போனில் பெயர் சொல்லும்போது ஒன்று இன்னொன்றாகக் கேட்பது அதனால்தான். சிலருக்கு "என் குரலே எனக்குத் திரும்பக் கேக்குது" என்ற புகாரும் வரும். போகும் குரலும் வரும் குரலும் அதே இரண்டு கம்பியில் பயணம் செய்கின்றன. பெட்டி அவற்றைப் பிரிக்கும்போது கொஞ்சம் கசிந்தால் எதிரொலி கேட்கும். பெரும்பாலும் ஒலியளவைக் குறைத்தாலே சரியாகிவிடும்.

5. பொருத்தும் முறை

1. முதலில் தெருக்கம்பியைக் கழற்றுங்கள். வீட்டுத் தொலைபேசியின் கம்பியைச் சுவர்ச் சாக்கெட்டிலிருந்து எடுத்துவிட்டு, நேராகப் பெட்டியின் 'போன்' துளையில் செருகுங்கள். பெட்டியைச் சுவர்ச் சாக்கெட்டில் செருகவே கூடாது. உயிருள்ள லைன் அங்கே இருந்தால், ஒரே கம்பியில் இரண்டு எக்ஸ்சேஞ்ச் மோதும், பெட்டி பழுதாகிவிடும்.

2. பெட்டிக்கு மின்சாரம் கொடுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது என்றால் மின்பொருத்தியின் மேல் '100-240 வோல்ட்' என்று அச்சிட்டிருக்கிறதா என்று படியுங்கள். அமெரிக்காவுக்கு மட்டும் செய்த 120 வோல்ட் பொருத்தியை நம் 230 வோல்ட் சுவரில் போட்டால் அத்தோடு முடிந்தது கதை.

3. கைப்பேசியில் புளூடூத்தைத் திறந்து, பெட்டியின் பெயரைத் தேடி இணை சேருங்கள். இரகசிய எண் கேட்டால் பெட்டியின் கையேட்டில் இருக்கும்.

4. அமைப்பில் 'அழைப்பு' என்பதை மட்டும் திறந்துவையுங்கள். 'மீடியா ஒலி' என்பதை மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் கைப்பேசியில் பாட்டுப் போட்டால் சத்தமே வராது. பாட்டு பெட்டிக்குள் போய்விடும்.

5. ரிசீவரை எடுத்து டயல் டோன் கேட்கிறதா பாருங்கள். வீட்டில் உள்ள இன்னொருவரின் எண்ணுக்கு அழைத்துச் சோதியுங்கள். சோதனைக்காக 999ஐ அழைக்காதீர்கள்.

6. ஒரு தொலைபேசி சரியாக வேலை செய்த பிறகு வேண்டுமானால் இன்னொன்றைச் சேருங்கள். மணி அடிக்கும் சக்தி பெட்டிக்கு அளவாகத்தான் இருக்கிறது. பழைய மணி வகைத் தொலைபேசிகள் அதிகமாக இழுக்கும். நாலைந்து சேர்த்தால் எதுவுமே ஒழுங்காக அடிக்காது.

எண் விஷயத்தில் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டும். கம்பித் தொலைபேசியில் பினாங்குக்குள் அழைக்க 04 போடாமல் ஏழு எண்ணை மட்டும் அழுத்துவோம். இப்போது அழைப்பு கைப்பேசி வழியாகப் போகிறது. ஆகவே பக்கத்துத் தெருவாக இருந்தாலும் 04 சேர்த்தே அழுத்த வேண்டும். பெரியவர்களின் விரலுக்கு அந்த ஏழு எண் நன்கு பழகியிருக்கும். தொலைபேசிக்கு மேலே '04' என்று பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.

6. எங்கே கைவிடும்?

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

பெட்டி வாங்கிய புதிதில் என் சொந்தக் கைப்பேசியைத்தான் அதோடு இணைத்தேன். மாலையில் வீடு திரும்பியதும் தானாக இணைந்துகொள்ளும். தங்கை அழைத்தால் முக்காலித் தொலைபேசி மணி அடிக்கும், அம்மா எடுத்துப் பேசுவார். "பழைய மாதிரியே இருக்குப்பா" என்று அவருக்கு ஒரே மகிழ்ச்சி. எனக்கும்தான்.

ஒரு நாள் காலையில் நான் பள்ளியில் இருந்தேன். அம்மாவுக்குத் தலை சுற்றியிருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டே போய் ரிசீவரை எடுத்திருக்கிறார். டயல் டோன் இல்லை. பொத்தானை அழுத்திப் பார்த்திருக்கிறார். ஒன்றும் நடக்கவில்லை. நடக்காதுதான். அந்தத் தொலைபேசி பேச வேண்டிய கைப்பேசி என் சட்டைப்பையில், பள்ளியில், வகுப்பறையில் இருந்தது. அம்மா தட்டுத்தடுமாறி வேலியோரம் போய்ப் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டார். அவர்கள் ஓடிவந்து உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, எனக்குச் சொன்னார்கள். நல்ல வேளை, பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

சாயங்காலம் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "போன் இங்கதானே இருந்துச்சு? அப்புறம் ஏன் பேசல?"

எனக்குப் பதில் தெரியும், ஆனால் அதை அவரிடம் முன்பே சொல்லவில்லை. தொலைபேசியின் உருவத்தைத் திருப்பித் தந்தேன். அதற்குப் பின்னால் இருந்த உறுதி வரவில்லை. பழைய போனுக்குப் பின்னால் ஓர் எக்ஸ்சேஞ்சும் அதன் மின்கலங்களும் இருந்தன. இந்தப் போனுக்குப் பின்னால் இருந்தது என் சட்டைப்பை.

ஆகவே இந்தப் பெட்டியைப் பெரியவர்களுக்காகப் பொருத்தும் ஒவ்வொருவரும் இவற்றைச் செய்யுங்கள்:

வீட்டை விட்டுப் போகாத ஒரு கைப்பேசி வேண்டும். விலை குறைந்த பொத்தான் கைப்பேசி போதும். ஆனால் புளூடூத்தும், 4ஜி வழியாகவே குரல் அழைப்பு செய்யும் வசதியும் இருக்க வேண்டும். மலேசியாவில் 3ஜி சேவை 2021ஆம் ஆண்டு இறுதியோடு மூடப்பட்டுவிட்டது. பழைய 3ஜி கைப்பேசியை நம்பாதீர்கள். முன்கட்டண சிம் என்றால் காலாவதித் தேதியை நாள்காட்டியில் குறித்து, அதற்கு முன்பே பணம் ஏற்றிவிடுங்கள். எப்போதும் மின்னூட்டத்தில் இருக்கும் கைப்பேசியின் மின்கலம் உப்பியிருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

கரண்ட் போனால் கைப்பேசி தன் மின்கலத்தில் ஓடும், ஆனால் பெட்டி செத்துவிடும். அப்போது வீட்டுத் தொலைபேசி ஊமை. பொத்தான் கைப்பேசியை நேராக எடுத்துப் பேசப் பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். பச்சைப் பொத்தான் எது, சிவப்புப் பொத்தான் எது என்று காட்டினால் போதும். பெட்டிக்குச் சிறிய மின்காப்புக் கருவி வைத்தால் இன்னும் நல்லது.

அவசர எண் 999. கைப்பேசியிலிருந்து 112 அழைத்தாலும் அங்கேதான் போகும். கம்பி இணைப்பு ஒரே முகவரிக்குக் கட்டுப்பட்டது, கைப்பேசி அப்படியில்லை. அழைப்பவர்தான் முகவரியைச் சொல்ல வேண்டும். பதற்றத்தில் சொந்த வீட்டு எண்கூட மறந்துபோகும். வீட்டு எண், தெரு, தாமான் பெயரைப் பெரிய எழுத்தில் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். எண்ணை அழுத்தியபின் # அழுத்தவோ, சில வினாடி பொறுக்கவோ வேண்டும் என்பதையும் அதில் எழுதுங்கள்.

"அப்படியானால் ஃபைபர் இணைப்போடு வரும் தொலைபேசியே மேல் அல்லவா?" என்று கேட்கலாம். அதுவும் இதே கதைதான். கண்ணாடி இழையில் ஒளிதான் வரும், மின்சாரம் வராது. சுவரோரம் இருக்கும் இணையக் கருவியே அங்கே குட்டி எக்ஸ்சேஞ்சாக இருக்கிறது. கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். செம்புக்கம்பியை உலகம் முழுவதும் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள். பிரிட்டனில் பழைய கம்பிச் சேவையை முழுதாக நிறுத்தும் நாளை 2025 இறுதியிலிருந்து 2027 ஜனவரிக்குத் தள்ளிவைத்தார்கள். தனியாக வாழும் முதியவர்கள் கழுத்தில் அணியும் அவசர அழைப்புக் கருவிகள் இந்தக் கம்பிகளை நம்பியிருந்தது அதற்கு முக்கியக் காரணம். என் அம்மாவின் கேள்வியைத்தான் அங்கேயும் கேட்டிருக்கிறார்கள்.

7. வாங்கும் முன்

கம்பி இணைப்பை நிறுத்தினால் அந்த 04 எண் போய்விடும். பெட்டி அதைக் காப்பாற்றாது. மருத்துவமனை, வங்கி, பள்ளி, உறவினர் எல்லாருக்கும் புதிய எண்ணைக் கொடுத்த பிறகு நிறுத்துங்கள். மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் சான்று முத்திரை உள்ள கருவியாகப் பார்த்து வாங்குங்கள். உங்கள் தொலைபேசியின் வகை, எத்தனை தொலைபேசி தாங்கும், மின்பொருத்தியின் அளவு ஆகிய மூன்றையும் கடையில் கேளுங்கள்.

8. கலைச்சொல் தெளிவு

இடைநிலைப்பள்ளியில் இயற்பியலை மலாயிலோ ஆங்கிலத்திலோ படிக்கும் நம் மாணவர்கள், அதையே தமிழ்க் கட்டுரையில் எழுதும்போது மூன்று சொற்களைக் கலந்துவிடுகிறார்கள்.

அதிர்வெண்: ஒரு வினாடியில் எத்தனை அதிர்வு என்ற எண்ணிக்கை. அலகு ஹெர்ட்ஸ்.
அலைநீளம்: ஒரு முழு அலையின் நீளம். அலகு மீட்டர்.
அலைவரிசை: ஒலிபரப்புக்கோ தொடர்புக்கோ ஒதுக்கிய தடம். தொலைக்காட்சிக்கும் இதே சொல்தான்.

மேலும்: இணைப்பகம் (எக்ஸ்சேஞ்ச்), இணை சேர்த்தல் (பேரிங்), நேர்மின்னோட்டம், மாறுமின்னோட்டம், மின்பொருத்தி (அடாப்டர்). 'கைப்பேசி' என்பதில் ப் மிகும். 'தொலைபேசி' என்பதில் மிகாமல் எழுதுவது நம் வழக்கு. கட்டுரையில் இரண்டையும் கலக்காதீர்கள்.

9. பயிற்சி

1. புளூடூத் அலையின் அதிர்வெண் 2.4 கிகாஹெர்ட்ஸ். ஒளியின் வேகம் வினாடிக்கு 30 கோடி மீட்டர். அலைநீளம் எவ்வளவு?
2. வினாடிக்கு 1600 முறை தாவினால், ஒரு தடத்தில் தங்கும் நேரம் எவ்வளவு?
3. மணி மின்னோட்டத்தின் அதிர்வெண் 25 ஹெர்ட்ஸ் என்றால் அலைவு காலம் எவ்வளவு?
4. 48 வோல்ட் அழுத்தத்தில் 20 மில்லி ஆம்பியர் பாய்ந்தால், சுற்றின் மொத்த மின்தடையும் மின்திறனும் என்ன?
5. கரண்ட் இல்லாதபோது பழைய கம்பித் தொலைபேசி பேசியது, பெட்டியோடு இணைந்த தொலைபேசி பேசவில்லை. காரணத்தை மூன்று வாக்கியங்களில் விளக்குக.

விடைகள்: (1) 0.125 மீட்டர், அதாவது 12.5 சென்டிமீட்டர். (2) 0.000625 வினாடி. (3) 0.04 வினாடி. (4) 2400 ஓம், 0.96 வாட். (5) பகுதி 2, 6ஐப் பார்த்துச் சொந்த நடையில் எழுதுக.

ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை: ஐந்தாவது வினாவை எழுதவைத்த பிறகு, வீட்டில் உள்ள பாட்டியிடமோ தாத்தாவிடமோ அதை வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வரச் சொல்லுங்கள். அவர்களுக்குப் புரிந்ததா, அவர்கள் திருப்பி என்ன கேட்டார்கள் என்று மறுநாள் வகுப்பில் கேளுங்கள். விளக்கக் கட்டுரைக்கு அதைவிட நல்ல தேர்வாளர் கிடைக்கமாட்டார். அன்றைக்கே நான் என் அம்மாவிடம் இதைச் சொல்லியிருந்தால், அவர் வேலி வரை நடந்திருக்க வேண்டியதில்லை.